நான் கேட்காத மோதிரம்

எங்கள் கம்பெனியில் யாருக்காவது வெளியிலிருந்து போன் வந்தால், ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர், டிபார்ட்மென்ட், எந்த லைன், மூன்றும் ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கேட்கும். யாருக்கோ குழந்தை பிறந்த செய்தியும், யாருடைய அப்பாவோ போய்விட்ட செய்தியும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. அதனால் ஒரு பெயர் கேட்டதும் மெஷினில் நிற்கிறவர்கள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்ப்பது வழக்கம். என் பெயர் ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை வர ஆரம்பித்தபோது அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "என்னப்பா, எலெக்‌ஷன்ல ஏதாவது நிக்கிறியா?" என்று ஒருத்தர் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன்.

கூப்பிட்டது கிரெடிட் கார்டு பாக்கியை வசூல் செய்கிற ஏஜென்சி.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எலெக்ட்ரானிக் சிட்டியில் பம்புகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். ஒரு நாள் கேன்டீன் வாசலில் மேஜை போட்டு, டை கட்டிய இரண்டு பேர் கார்டுக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் கொடுத்தால் ஒரு தோள்பை இலவசம். பைக்காகத்தான் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. திருப்பத்தூரிலிருந்து வந்து பத்து வருஷமாக வாடகை வீட்டில் இருக்கிறவனை, நாற்காலி போட்டு உட்காரவைத்து 'சார், ஒரே ஒரு கையெழுத்து' என்று கேட்க அதுவரை யாரும் வந்ததில்லை. விண்ணப்பத்தில் கூட வசிக்காத உறவினர் ஒருவரின் போன் நம்பரைக் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. எங்கள் சொந்தத்தில் போன் வைத்திருந்தவர் ஆனேக்கல்லில் மாவு மில் நடத்திய என் மாமனார் ஒருத்தர்தான். மில் முதலாளியின் மாப்பிள்ளை என்று தெரிந்தால் பேங்கில் ஒரு மரியாதை வரும் என்று நினைத்து, மில் நம்பரை எழுதி, பக்கத்தில் 'மில் ஓனர்' என்றும் சேர்த்து எழுதினேன். அந்த அசட்டுப் பெருமையை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

அந்த வருஷமே கம்பெனிக்கு ஆர்டர் குறைந்து, வாரத்துக்கு நாலு நாள் வேலை, நாலு நாள் சம்பளம் என்று ஆக்கிவிட்டார்கள். அதே சமயத்தில் என் மனைவிக்குப் பிரசவம். ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. நர்சிங் ஹோமில் கார்டைத் தேய்த்தேன். வீட்டில் கேட்டபோது, கம்பெனி பாதி கொடுத்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். அப்புறம் மளிகைக்கும் பால் பவுடருக்கும் தேய்த்தேன். மாதாமாதம் வந்த காகிதத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும் என்று போட்டிருந்தது. அதுதான் தவணை என்று நம்பி எட்டு மாதம் கட்டினேன். ஒன்பதாவது மாதம் உட்கார்ந்து பார்த்தால் கடன் வாங்கியபோது இருந்ததைவிடக் கூடியிருந்தது. வந்த கோபத்தில் கட்டுவதையே நிறுத்திவிட்டேன். என் கோபத்தால் பேங்குக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று உறைக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

டெலிபோன் போர்டில் இருந்தவர் கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு கிறிஸ்தவ அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல். கம்பெனியில் எல்லோரும் அவரை ஆன்ட்டி என்போம். அவர் முன்னால் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். வருகிற ஒவ்வொரு வெளி போனையும் நேரம், யார், யாருக்கு, என்ன விஷயம் என்று அதில் எழுதவேண்டும் என்பது கம்பெனி விதி. மற்றவர்கள் டூட்டியில் இருந்தால் ஏதோ கிறுக்குவார்கள். ஆன்ட்டி அட்சர சுத்தமாக எழுதுவார்.

ஒரு நாள் மத்தியானம் என்னை வரச்சொன்னார். டெலிபோன் ரூமில் வேறு யாரும் இல்லை. "என்ன மேன் இது, அந்தாளு என்கிட்டயே கதை பூரா சொல்றான். நீ ஃப்ராடாம், கம்பெனி கேட்டுல வந்து நிப்பானாம். இதை நான் மைக்ல சொல்லட்டுமா?" என்றார். அவரே சொன்னார்: "இனிமே உன் பேரை மைக்ல கூப்பிட மாட்டேன். ஆனா பொய் சொல்லவும் என்னால ஆகாது, சண்டே கோயிலுக்குப் போறவ நான். உன் இன்டர்காம் ரெண்டு தடவை அடிச்சு நின்னா, எந்திரிச்சு ஸ்டோர்ஸுக்கு வெளிய போய் நில்லு. நான் சீட்ல இல்லைன்னு சொல்றேன்."

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. இன்டர்காம் இரண்டு தடவை அடித்து ஓயும். நான் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பேன். ஆன்ட்டி மனசாட்சிக்கு ஒரு குறையும் இல்லாமல், ஆள் சீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதிக்கொள்வார். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலையில் எனக்கு அவ்வளவு நல்ல காற்று கிடைத்தது அந்த நாலைந்து மாதம்தான். பர்சனல் மேனேஜர் காதுக்கு என் விஷயம் கடைசிவரை போகவில்லை. போயிருந்தால், ஆள் குறைக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் முதல் சீட்டு எனக்குத்தான் கிழிந்திருக்கும். அந்த அம்மாளுக்கு நான் நன்றி என்று சொன்னபோதெல்லாம், "போ மேன், லைன்ல ஆள் இருக்கான்" என்று விரட்டிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நோட்டில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். "இவன் போனை எடுக்கலைன்னா பரவாயில்லை, மாமனார் மில்லு நம்பர் இருக்கு, அங்கே கேட்டுக்கறோம்" என்று சொல்லியிருக்கிறான்.

அதோடு நான் ஆனேக்கல் போவதை நிறுத்தினேன்.

அதுவரை ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு போவோம். சந்தாபுரத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து ஆனேக்கல் ஒரே பஸ். போனால் மாமனார் மில்லை மூடிவிட்டு, புருவத்தில் மாவு ஒட்டியிருக்க, எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். அதிகம் பேசமாட்டார். அவர் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது? ஏஜென்சிக்காரன் கூப்பிட்டிருப்பானா, சும்மா மிரட்டினானா என்றும் தெரியவில்லை. முதல் ஞாயிறு தலைவலி என்றேன். அடுத்தது ஓவர்டைம் என்றேன். வாரத்தில் நாலு நாளே வேலை உள்ள கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. மனைவி ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். யுகாதிக்கும் நான் போகவில்லை. "எங்க வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்தால் மேற்கொண்டு கேட்கமாட்டாள் என்று தெரிந்தே செய்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனாரும் மாமியாரும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மாமனார் இஸ்திரி போட்ட வேட்டி கட்டியிருந்தார். மாமியார் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு வேட்டி துண்டு, மேலே சிவப்பாக ஒரு சின்ன நகை டப்பா. பெண் கேட்டு வந்தவர்கள் மாதிரி இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். மனைவி காபி போடப் போனவள் தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

மாமியார்தான் ஆரம்பித்தார். "மாப்பிள்ளை மனசுல வெச்சுக்கக் கூடாது. கல்யாணத்துல மோதிரம் போடறேன்னு இவரு உங்ககிட்ட தனியா வாக்குக் கொடுத்திருக்காரு, எனக்கே தெரியாது. இத்தனை நாளா போடாம விட்டது எங்க தப்புதான். அதுக்குத்தான் நீங்க வீட்டுப் பக்கம் வரலைன்னு இவரு போன வாரம்தான் சொன்னாரு. நான் எங்க அண்ணங்ககிட்ட சொல்லி ஒரு மூச்சு அழுதேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணத்தின்போது எந்த மோதிரத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. தனியாகவும் பேசவில்லை, கூட்டத்திலும் பேசவில்லை. செய்வதாகச் சொன்ன எல்லாவற்றையும் மாமனார் முகூர்த்தத்துக்கு முன்பே செய்து முடித்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையை அசைத்தார். பேசாமல் இரு என்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் மனைவியின் முகத்தைக் கவனித்தேன். "மோதிரத்துக்காகவா?" என்றாள். குரல் உயரவில்லை. "மூணு மாசம் எங்கப்பா வீட்டு வாசலை மிதிக்காம இருந்தது ஒரு மோதிரத்துக்காகவா?" அவள் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

நான் கோழை. கையை நீட்டினேன். மாமனார் டப்பாவைத் திறந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டார். அளவு சரியாக இருந்தது. மனைவி உள்ளே போய்விட்டாள். பாத்திரங்கள் உரக்க விழுந்தன.

தயிர் வாங்கவேண்டும் என்று சாக்குச் சொல்லி மாமனாரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். தெரு திரும்பியதும், "மாமா, எந்த மோதிரம்?" என்றேன்.

அவர் நடந்துகொண்டே சொன்னார். "செவ்வாக்கிழமை ஆனா போன் வருது மாப்பிள்ளை. மோட்டாரை நிறுத்திட்டுப் பேசறேன். முதல்ல மரியாதையா கேட்டான், அப்புறம் ஒரு மாதிரி பேசினான். எனக்கு ராகி அரைக்கணும், போனை வையப்பான்னு சொல்லிடுவேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. நீங்க வராததுனால உங்க அத்தை சும்மா சும்மா நச்சரிச்சுக்கினே இருந்தா, எதுக்கு வரலை, எதுக்கு வரலைன்னு. ஏதாவது ஒண்ணு சொல்லணுமே. மாப்பிள்ளை கோபம்னா யாரும் ஆராய மாட்டாங்க. மோதிரம்னு சொல்லிட்டேன்."

"தப்பு உங்க மேல வந்திடுச்சே மாமா."

"வந்தா வந்துட்டுப் போவுது. பணமா குடுத்தா நீங்க வாங்க மாட்டீங்க. மோதிரம்னா மாப்பிள்ளைக்குச் செய்யறது, வாங்கித்தானே ஆவணும்? வித்துடுங்க. மில்லுக்குப் புதுக்கல்லு போட எடுத்து வெச்ச காசுதான். பழைய கல்லைக் கொத்தினா இன்னும் ஒரு வருஷம் ஓடும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் கடைக்காரரிடம் தயிர் புளிக்காமல் இருக்கிறதா என்று கன்னடத்தில் விசாரித்தார். நான் பக்கத்தில் நின்று அழுதேன். வெயிலில் கண் கூசுகிறது என்று கடைக்காரர் நினைத்திருக்கலாம்.

திரும்பி வந்தோம். இலை போட்டாயிற்று. மாமியார் பயந்து பயந்து பரிமாறினார். நான் இரண்டாவது தடவை சோறு வேண்டாம் என்றதும், கோபம் இன்னும் தீரவில்லையோ என்று அவர் முகம் வாடியது. மனைவி எனக்குத் தண்ணீர் வைக்கவில்லை. மாமனார் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டிக்கொடுத்த பொய்க்குள் நான் சுகமாக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தங்கத்துக்காக மூன்று மாதம் முறைத்துக்கொண்ட ஆள் என்று என் மனைவி என்னை நினைத்துக்கொண்டிருக்க, என்னால் அது முடியவில்லை. மோதிரத்தைக் கழற்றி இலையோரம் வைத்தேன்.

"அத்தை, மாமா எனக்கு எந்த மோதிரமும் பாக்கி வைக்கலை. நான்தான் கடன் வாங்கியிருக்கேன்" என்று ஆரம்பித்து, கேன்டீன் மேஜை, நர்சிங் ஹோம், ஓவர்டைம், வேப்பமரம் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசையாகச் சொன்னேனா என்று தெரியாது. சொல்லி முடித்தபோது சாம்பார் காய்ந்து கையில் ஒட்டியிருந்தது.

மாமியார் முதலில் திரும்பியது மாமனார் பக்கம். "அப்போ எங்க அண்ணங்க முன்னாடி உங்களைப் பேச்சு மாறினவருன்னு என் வாயாலயே சொல்ல வெச்சீங்களா?" என்றார். மாமனார், "விடு, வெளிய மோதிரம்னே இருக்கட்டும்" என்றார். என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். விலக்கியபோது பாதி அழுகை, பாதி சிரிப்பு. "மோதிரத்துக்காக இல்லையே, அது போதும்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடன்தானே, கட்டிக்கலாம். அதுக்கா என்கிட்ட அப்படி எரிஞ்சு விழுந்தீங்க?" என்றாள். அப்புறம் எனக்குத் தண்ணீர் வைத்தாள்.

மறுநாள் ஆன்ட்டியிடம் போய் நின்றேன். அவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். நோட்டில் என் சம்பந்தமான பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் டைப் அடித்துக் கொடுத்தார். கடன் உண்மை, கட்ட சம்மதம், என்னோடு பேச வேண்டியதை எனக்கே எழுதுங்கள், என் ஆபீஸுக்கும் உறவினர் வீட்டுக்கும் இனி போன் செய்யக் கூடாது என்று நாலே வரி. "நாளுக்கு நாள், டைமுக்கு டைம் எழுதியிருக்கேன். இதைப் படிச்சா அவனுங்களுக்கே வெக்கமா இருக்கும், போய்க் குடு மேன்" என்றார்.

நானும் மனைவியும் குழந்தையோடு பேங்கின் பெரிய ஆபீஸுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி முதலில் எங்களை நிற்கவைத்தே பேசினார். ஜெராக்ஸைப் புரட்ட ஆரம்பித்தவர் இரண்டாவது பக்கத்தில் நாற்காலியைக் காட்டினார். மூன்றாவது பக்கத்தில், பிரசவச் செலவைப் பற்றி ஏஜென்சிக்காரன் என் மனைவியை இழுத்துச் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது. ஆன்ட்டி அதையும் மேற்கோள் குறி போட்டு எழுதியிருந்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அந்த ஏஜென்சியிடமிருந்து என் கணக்கை எடுத்துவிடுவதாகவும், வட்டியில் கொஞ்சம் தள்ளி மீதியைத் தவணையாகப் போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார். மோதிரத்தை விற்று முதல் தொகையைக் கட்டினோம். விற்கலாம் என்று சொன்னது என் மனைவிதான். அதைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனதும் அவள்தான். மீதியைக் கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. மில்லுக்கு அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமையோ அதற்குப் பிறகோ போன் வரவில்லை.

ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மாமனார் சொல்லைத் தட்டாமல் மாமியார் தன் அண்ணன்களிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. அந்தக் குடும்பத்து விசேஷங்களுக்கு நான் போகும்போதெல்லாம் முதல் பந்தியில் உட்காரவைப்பார்கள். கேட்காமலே இன்னொரு ஜிலேபி விழும். மாப்பிள்ளை கோபக்காரர் என்று நடுங்குகிறார்கள், கூடவே மாமனாரைச் சொன்ன சொல் தவறியவர் என்று மனசுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். அவர் அதே பந்தியில் கடைசியில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார். நான் வாயைத் திறக்கப் போனால் கண்ணாலேயே அடக்கிவிடுவார்.

ஆறு வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். காரியத்தன்று ஆனேக்கல் வீட்டில் சாப்பாடு. வழக்கம்போல மாமியாரின் மூத்த அண்ணன் என் கையைப் பிடித்து முதல் இலையில் உட்காரவைத்துவிட்டு, தானே சாம்பார் வாளியை எடுத்து வந்தார். என்னால் தாங்கவில்லை. "இந்த மரியாதை எனக்கு வேணாங்க. மாமா எனக்கு மோதிரம் எதுவும் சொல்லவே இல்லை, பாக்கியும் வைக்கலை. கடன்காரன் நான். என்னைக் காப்பாத்த அவரு அந்தப் பேரை வாங்கிக்கிட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன். சமையல்கட்டிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்.

அந்தப் பெரியவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். "கடன் விஷயம் எங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை" என்றார். "ஆனா அந்த மோதிரக் கதையை நாங்க யாரும் நம்பலை. தங்கச்சி வந்து அழுதப்பவே அண்ணன் தம்பி மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கினோம். அந்த மனுஷன் மோதிரம் பாக்கி வெக்கறவரா? எதையோ மூடறாரு, நாம கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம். சாப்பிடுங்க, ஆறுது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். என்னால் மாமனார் பெயர் கெட்டுவிட்டது என்று ஆறு வருஷம் தவித்தேன். அது கெடவே இல்லை.